சவப்பெட்டியில் அடைகாத்த கோழி

யாவ்மெய் என்றால் கடைக்குட்டி என்று பொருள். நான்கு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததால், ஒரு பெயர் தேடும் சிரமத்தைக்கூட அவள் அப்பா எடுத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தாறு வயதிலும் ஊர் அவளை அப்படித்தான் கூப்பிட்டது. ஊர் வயலைச் சேர்ந்து உழும் உற்பத்திக் குழுவின் பதிவேட்டில் அதுவும் இல்லை. 'பெங் வீட்டு மருமகள்', அவ்வளவுதான்.

அவளிடம் மூன்று கோழிகள் இருந்தன. மூன்றுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு, சீனாவின் மேற்கு ஹூனான் மலையிலிருந்த அவர்கள் ஊரில் தலைக்கு ஒரு கோழி என்பது விதி. வீட்டில் யாவ்மெய், அவள் மாமனார், அணை கட்டும் வேலைக்குப் போய் ஆறு மாதமாகத் திரும்பாத அவள் புருஷன் என்று மூன்று தலைகள். நான்காவதாக ஒரு கோழி நடந்தால் கட்சியின் கணக்கில் அது முதலாளித்துவத்தின் வால். கண்ட இடத்தில் நறுக்க வேண்டும். நிலச்சுவான்தாரின் சவுக்கையும் ஓர் ஏழைப் பெண்ணின் பெட்டைக் கோழியையும் ஒரே பட்டியலில் சேர்த்தவர், வாழ்நாளில் ஒரு முறையாவது இரண்டு முட்டையைத் துணியில் முடிந்துகொண்டு உப்பு வாங்கப் போயிருப்பாரா என்பது சந்தேகம். "நம்ம பேங்கு கோழியோட பின்பக்கத்துலல்ல இருக்கு!" என்று ஊர்ப் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிப்பதற்கு விதி எதுவும் போடப்படவில்லை.

அந்த வருஷம் யாவ்மெய்க்கு உப்பைவிடப் பெரிய கவலை இருந்தது. அவளுடைய ஒரே மகள் ஜின்யே மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் வாசற்படி இறங்கக் கூடாது, கோழி ரசமும் முட்டையும்தான் அவளுக்கு உணவு, அந்தக் கோழிகளைப் பிறந்த வீடுதான் சுமந்துகொண்டு போக வேண்டும் என்பது அந்த மலை முழுக்க உள்ள வழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் ஜின்யே முதல் பிள்ளை பெற்றபோது கோழிக் கொள்ளைநோய் வந்து ஊரே காலியாகியிருந்தது. யாவ்மெய் ஒரே ஒரு கோழியோடு போனாள். நான்கு நாளில் அது தீர்ந்தது. மீதி நாளெல்லாம் சர்க்கரைவள்ளிக் கஞ்சி. பால் சுரக்கவில்லை. பெண்குழந்தை நாற்பதாம் நாள் போய்விட்டது.

"பொறந்த நேரம் சரியில்ல. அம்மா நேரமும் புள்ள நேரமும் மோதிக்கிச்சு" என்றாள் சம்பந்தி அம்மாள்.

 முகடு ஏறி வீடு திரும்பும் வழியெல்லாம் யாவ்மெய் யோசித்தாள். தாய் சாப்பிடவில்லை, அதனால் பால் இல்லை, அதனால் பிள்ளை இல்லை. இதற்குள் நேரம் எங்கே வந்தது? எழுத்து தெரியாத அவளுக்குத் தெரிந்தது, நாள் பார்த்துச் சொல்லும் ஆட்களுக்கு இரண்டாயிரம் வருஷமாகத் தெரியவில்லை.

இப்போது ஜின்யே மறுபடி உண்டாகியிருந்தாள். வருஷத்தின் பத்தாம் மாதம், பனிக்காலத்தில் பேறு. அதற்குள் ஏழெட்டுக் கோழியாவது வேண்டும். இருப்பது மூன்று, விதியும் மூன்று.

அந்த மூன்றில் புள்ளிக் கோழி வசந்த காலத்தில் அடையில் விழுந்தது. அடைக்கோழி முட்டையிடாது, முட்டையில்லாத கோழி வீட்டுக்குப் பாரம். ஆகவே எல்லோரும் செய்வதை யாவ்மெய்யும் செய்தாள். குளிர்ந்த ஓடையில் முக்கி எடுத்தாள். வாலில் சிவப்புத் துணி கட்டி மிரட்டி ஓட விட்டாள். மூன்றாவதாக, அதன் சொந்த இறகு ஒன்றைப் பிடுங்கி மூக்குத் துவாரம் இரண்டிலும் குறுக்கே செருகினாள். அந்த அரிப்பில் கோழிக்குக் குஞ்சு நினைப்பே போய்விடும் என்பார்கள். புள்ளியும் தெளிந்ததுபோலத்தான் இருந்தது. காலையில் மேயப் போனது, மாலையில் கூட்டுக்கு வந்தது. முட்டை மட்டும் கூட்டில் இல்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை கோழியும் வரவில்லை.

மூங்கில் சரிவில் நாலைந்து இறகுகள் கிடந்தன. மரநாய் தூக்கிவிட்டது என்று முடிவு செய்து, குழுத் தலைவர் தகுவானிடம் போய்ச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். எண்ணிக்கையில் ஓர் இடம் காலியானதால், பக்கத்து வீட்டு சியாங் மதினியிடம் இன்னும் முட்டையிடத் தொடங்காத ஒரு வெடைக்கோழியை, முட்டையிட்டதும் பங்கு தருவதாகச் சொல்லி வாங்கி வந்தாள். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

பதினாறு நாள் ஆயிற்று. நாற்று நடவு. மதிய வேளையில் ஊரே சேற்றில் நிற்க, நாற்றை முடிகட்டும் வைக்கோற்பிரி தீர்ந்துவிட்டதென்று யாவ்மெய் வீட்டுக்கு ஓடி வந்தாள். வீட்டின் பின்னால் ஒரு கோழி மேய்ந்துகொண்டிருந்தது. மேய்வது என்பதா அதை? பசித்த கூலியாள் இடைவேளை மணிக்குள் சோற்றை அள்ளிப் போட்டுக்கொள்வதுபோல், இறகெல்லாம் சிலிர்த்து, உடம்பு இரண்டு மடங்காகப் பருத்து, தரையை வெறிகொண்டு கொத்தியது. வாய்க்காலில் நாலு மிடறு நீர். மண்ணில் ஒரே ஒரு புரளல். அது நிமிர்ந்தபோது, மூக்கில் ஒடிந்த இறகுத் தண்டு இன்னும் நீட்டிக்கொண்டிருப்பதை யாவ்மெய் பார்த்தாள்.

"அடி பாவி, நீ சாகலயா?"

கோழி அவளைப் பார்த்தது. உடனே அவசரமெல்லாம் போய், வேலைவெட்டி இல்லாததுபோல் அங்குமிங்கும் நடந்தது. அவள் நின்றால் நின்றது. அவள் ஓரடி வைத்தால் எதிர்த்திசையில் இரண்டடி வைத்தது. யாவ்மெய்க்குச் சிரிப்பு வந்தது. சாணக்கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து மூச்சடக்கினாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த கோழி, தலையைத் தாழ்த்தி, பக்கக் கொட்டகையின் பலகை இடுக்கில் நுழைந்து மறைந்தது.

அந்தக் கொட்டகையில் இருந்தது ஒன்றுதான். மாமனாரின் சவப்பெட்டி.

வயதானவர்கள் உயிரோடு இருக்கும்போதே பெட்டி செய்து வைத்துக்கொள்வது அங்கே சாதாரணம். மாமனாருக்கு எழுபத்தெட்டு வயது, காதருகே கத்தினால்தான் கேட்கும். பதினைந்து வருஷமாகக் காத்திருக்கும் அந்தத் தேவதாருப் பெட்டிக்கு ஆண்டுதோறும் கோடையில் தானே எண்ணெய் பூசுவார். வேறு யாரும் தொடக் கூடாது. ஈரம் தங்காமலிருக்க மூடியை ஒரு சாண் விலக்கி வைத்து, உள்ளே உலர்ந்த அவரைக்கொடியைப் பரப்பியிருந்தார். ஊரில் எவரும் எட்டிப் பார்க்காத இருட்டு அது ஒன்றுதான். விலக்கிய மூடி வழியாக யாவ்மெய் பார்த்தாள். அடியில் இரண்டு கண்கள் மின்னின.

கையை நீட்டினாள், ரத்தம் வரக் கொத்து வாங்கினாள். மறுபடி நீட்டி, மெல்ல வயிற்றுக்கடியில் கொடுத்தாள். அங்கே இறகே இல்லை. தன் மார்பிறகைத் தானே பிடுங்கிக் கூட்டில் பரப்பிவிட்டு, வெற்றுத்தோலை முட்டைகள்மேல் வைத்திருந்தது கோழி. அந்தச் சூடு அவள் விரல்களைத் திகைக்க வைத்தது. மொத்தம் பதினொன்று.

ஒன்றை எடுத்தாள். கொட்டகைப் பலகையில் ஒரு கண் ஓட்டை உண்டு. நடுப்பகல் வெயில் அதன் வழியே கம்பிபோல் இறங்கிக்கொண்டிருந்தது. முட்டையை அதில் வைத்து உள்ளங்கையால் சுற்றி மறைத்தாள். ஓடு செம்மண் நிறத்தில் ஒளிர்ந்தது. கீழே இருட்டு அடர்ந்திருந்தது. மேல்முனையில் சின்னக் கிண்ணம்போல ஒரு வெளிச்சம். இரண்டும் சேரும் விளிம்பில் சிவப்பு நூல்களாக நரம்புகள். பார்த்துக்கொண்டே இருந்தபோது அந்த இருட்டு அசைந்தது. உறங்குகிற குழந்தை போர்வைக்குள் காலை உதறுவதுபோல ஓர் உதறல்.

 எத்தனை முட்டையை உடைத்திருப்பாள், எத்தனையை விற்றிருப்பாள்! இதற்குள் யாரும் ஊற்றாத ரத்தம், யாரும் நூற்காத நரம்பு. ஓடையில் முக்கப்பட்டு, வாலில் துணி கட்டப்பட்டு, மூக்கில் இறகு குத்தப்பட்ட ஒரு பெட்டை, யாரிடமும் கேட்காமல் இதைச் செய்துகொண்டிருக்கிறது. சில வருஷத்துக்கு முன் கட்சி ஆட்கள் கோயில் பொம்மைகளை உடைத்தபோது அவள் வருந்தியதில்லை. இந்த முட்டையை மட்டும் இரண்டு கையாலும் ஏந்தித் திரும்ப வைத்தாள்.

வைத்த பிறகுதான் பயம் வந்தது. செத்ததாக எழுதிய கோழி, அதற்குப் பதிலாக வாங்கிய கோழி, இன்னும் ஐந்து நாளில் பதினொரு குஞ்சு. யாராவது பார்த்தால் எல்லாம் போகும். பார்க்காவிட்டால், பத்தாம் மாதத்தில் இவை வளர்ந்த கோழிகள்.

வெளியே எரிந்து விழும் குரல் கேட்டது. "என் பெட்டிகிட்ட யாரு?"

மாமனார் தடியூன்றி உள்ளே வந்தார். யாவ்மெய் அவர் காதருகே கத்தவும் முடியாது; வயலே கேட்டுவிடும். மூடியைக் காட்டினாள். அவர் குனிந்தார். முகம் சிவந்தது.

"என் எடத்துல கோழியா? நான் படுக்கறதுக்கு முந்தி கோழி படுக்குதா? தூக்கி வெளிய போடு!"

அடைகாக்கும் கோழி சவப்பெட்டிக்குள் புகுந்தால் பெட்டிக்காரரை அழைக்க வந்திருக்கிறது என்றொரு பேச்சும் ஊரில் உண்டு. கோழிக்குப் பெட்டியும் தெரியாது, சகுனமும் தெரியாது. அதற்குத் தெரிந்தது இருட்டும் காய்ந்த கொடியும். யாவ்மெய் ஒரு முட்டையை எடுத்து வெயில் கம்பியில் வைத்துக் காட்டினாள். கிழவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"நெளியுது" என்றார், தன்னால் முடிந்த அளவு மெதுவாக.

மருமகள் தன் வயிற்றைத் தொட்டு, முகட்டின் பக்கம் கைகாட்டினாள். ஜின்யே அவருக்குப் பேத்தி. போன தடவை செத்த குழந்தைக்காக அந்த வீட்டில் வாய்விட்டு அழுதவர் அவர் ஒருவர்தான். கிழவர் பெட்டி மூடியை இன்னும் அரைச் சாண் நகர்த்திக் காற்றுக்கு வழி விட்டார். பிறகு கொட்டகை வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து நாளும் அங்கிருந்து நகரவில்லை. கேட்டவர்களிடம், "பெட்டிக்கு எண்ணெய் காயுது" என்று சொல்லி வைத்தார்.

இருபதாம் நாள் யாவ்மெய் முட்டைகளைக் காதில் வைத்துக் கேட்டாள். உள்ளிருந்து கீச்சென்றது. கோழி, தொண்டைக்குள்ளேயே முனகி அதற்குப் பதில் சொன்னது. இன்னொரு முட்டை கீச்சென்றது. ஓட்டுக்கு உள்ளும் வெளியுமாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கிழவருக்குக் கேட்காது. அவர் முட்டையை வாங்கிக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டார். உள்ளிருந்து விழுந்த தட்டு ஒவ்வொன்றுக்கும் அவருடைய இமை துடித்தது.

"கதவு தட்டுது, யாவ்மெய்" என்றார். "என் பெட்டிய எத்தனை தடவை தட்டிப் பாத்திருக்கேன், மரம் நல்லா இருக்கான்னு. உள்ள இருந்து தட்டுவாங்கன்னு நெனச்சதே இல்ல."

மறுநாள் பொழுது சாய்வதற்குள் பதினொன்றும் பொரிந்துவிட்டன. ஒன்றுகூடக் கூமுட்டை இல்லை. யாவ்மெய்யை வியக்க வைத்தது வேறொன்று. முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் இரண்டு வாரம் இடைவெளி. ஆனால் எல்லாம் ஒரே நாளில் வெளியே வந்தன. முந்தி வந்தவை பிந்தி வந்தவற்றுக்காக ஓட்டுக்குள் உறங்கிக் காத்திருந்து, தாய் உட்கார்ந்த நாளிலிருந்துதான் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியிருக்கின்றன. யார் போட்ட கணக்கு? ஒரு தலைவரும் போடவில்லை, ஒரு சாமியும் போடவில்லை. சூடு பட்டது, கணக்கு தொடங்கியது. இது இதைவிட எளிதாக இருந்திருந்தால் அதிசயம் குறைந்திருக்கும். இதற்கு மேல் ஒரு மந்திரத்தைச் சேர்த்தால் அசிங்கமாகிவிடும்.

பெட்டியின் சுவர் உயரம். குஞ்சுகளால் ஏற முடியாது. அவற்றை முறத்தில் அள்ளி வெளியே எடுத்தபோது, பின்னால் "அடேயப்பா!" என்று ஒரு குரல் கேட்டது. சியாங் மதினி நின்றிருந்தாள்.

யாவ்மெய் முறத்தை மறைக்கப் பார்த்தாள்.

"எதை மறைக்கிற? பதினொரு வாயும் கத்துது. மரநாய் தூக்குன கோழி குட்டி போட்டுட்டு வந்துருக்கோ?"

"மதினி, ஒங்க காலப் புடிக்கிறேன். ஜின்யேக்குப் பத்தாம் மாசம் பேறு..."

"காலை விடு, சேறு. எனக்குத் தெரியாதா? போன தடவ அந்தப் புள்ளையப் பொதைக்க நானுந்தானே முகடு ஏறுனேன்?" சியாங் மதினி முறத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு யோசனை எப்போதும் கையோடு வரும். குஞ்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நோய் வந்ததிலேர்ந்து எங்க வீட்டுல ஆறு தலை, கோழி மூணுதான். பக்கத்துல லியூவுக்கு ரெண்டு எடம் சும்மா கெடக்கு. ஊருல இருக்கற தலைக்குக் கோழி பத்தல, ஒனக்குக் கோழிக்குத் தலை பத்தல. இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போடற?"

"எல்லாம் என் முற்றத்துலதானே நிக்கும், தாயோட?"

"சாயம் எதுக்கு இருக்கு?"

குஞ்சுகள் கலந்து மேயும் ஊர் அது. யாருடையது எதுவென்று தெரிய, ஒவ்வொரு வீடும் தன் குஞ்சின் முதுகில் தன் நிறத்தைப் பூசிவிடும். அன்று மாலையே நான்கு வீட்டுப் பெண்கள் நான்கு கிண்ணங்களோடு வந்தார்கள். சியாங் மதினியின் சிவப்பு, லியூவின் பச்சை, மேட்டுவீட்டுப் பெண்ணின் மஞ்சள். நான்காவதாக அவுரி நீலத்தோடு வந்தவள் குழுத் தலைவர் தகுவானின் மனைவி.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் யாவ்மெய்.

"ஆம்பளைங்களுக்குச் சாப்பாடு ஆறினா மட்டுந்தான் தெரியும். நீ குஞ்சைப் புடி."

மூன்று வாரம் கழித்து, சுற்றுப்பட்ட ஊர்களையெல்லாம் ஆளும் கம்யூனிலிருந்து தோழர் ஹூ வந்தார். சட்டைப்பையில் பேனா, கையில் நோட்டு. தகுவான் பின்னால் நடந்து வந்தார். யாவ்மெய்யின் முற்றத்தில் நான்கு நிறத்தில் பதினொரு குஞ்சுகள் தாய்க்குப் பின்னால் வரிசை கட்டிப் போனதைப் பார்த்து ஹூ நின்றார். வேலிக்கு அப்பால் பெண்கள் ஏதோ வேலை இருப்பதுபோல் வந்து சேர்ந்தார்கள்.

"இது யாரோட குஞ்சுங்க?"

"சிவப்பு மூணும் எங்க வீடு, தோழர்" என்றாள் சியாங் மதினி. "நோட்டுல பாருங்க, எனக்கு மூணு எடம் பாக்கி."

"பச்சை ரெண்டும் எனக்கு."

"மஞ்சள் நாலும் எங்களுது."

"நீலம்?" ஹூ கேட்டார்.  தகுவானின் மனைவி தன் புருஷனையே பார்த்தாள். தகுவான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீலம்... எங்க வீட்டு நிறந்தான்" என்றார்.

"அப்ப ஏன் எல்லாம் இங்க நிக்குது?"

யாவ்மெய் முன்னால் வந்தாள்.  முகட்டுக்கு அந்தப் பக்கம் புதைத்த குழந்தை நினைவுக்கு வந்ததும் பேச்சு தானாக வந்தது.

"குஞ்சுக்கு வீட்டு அட்டை படிக்கத் தெரியாது தோழர். ஆத்தா பின்னால போகுது. ஆத்தாகிட்டேர்ந்து பிரிக்கணும்னு விதி இருந்தா படிச்சுக் காட்டுங்க, பிரிச்சுடறேன்."

ஹூ நோட்டைப் புரட்டினார். "ஆத்தா! பெங் வீடு, மூணு கோழி. புள்ளிக் கோழி மரநாய்க்குப் பலி. பதிலுக்கு ஒரு வெடை. அப்ப இது என்ன?"

"அதான் தோழர். ஒங்க நோட்டுல செத்துப்போச்சு. செத்த கோழிய எப்படிப் புடிச்சுட்டுப் போவீங்க?"

வேலிக்கு அப்பால் சிரிப்பு வெடித்தது. ஹூவின் கழுத்து சிவந்தது. "பொய்த் தகவல் குடுத்துட்டுக் கேலி வேறயா?" என்று எட்டிப் புள்ளிக் கோழியைப் பிடிக்கப் போனார். அடுத்த கணம் கோழி அங்கே இல்லை. அவர் மார்பில் இருந்தது. இறகும் நகமும் அலகுமாக, நோட்டு ஒரு பக்கம், தொப்பி ஒரு பக்கம். தான் ஒரு முழம்கூட இல்லை, எதிரே நிற்பது அதிகாரம் என்பதெல்லாம் அதற்குத் தெரியவில்லை. தெரிந்தவர்கள் அந்த ஊரில் எத்தனையோ வருஷமாகக் குனிந்து நின்றார்கள்.

"நான் பொய் சொல்லல. செத்துச்சுன்னு நம்புனேன், தப்பு என்னுது" என்றாள் யாவ்மெய், கோழியைப் பிடித்து இடுக்கிக்கொண்டு. "மூணுக்கு மேல ஒண்ணு இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா எந்த ஒண்ணுன்னு விதியில எழுதியிருக்கா தலைவரே?"

தகுவான் வானத்தைப் பார்த்தார். "எழுதல" என்றார்.

"ஏதோ ஒண்ணக் குடுத்துத் தொலை!" என்றார் ஹூ, மணிக்கட்டில் ரத்தத்தை ஒற்றியபடி.

முட்டையிடத் தொடங்கியிருந்த வெடைக்கோழியைக் கொடுத்தாள். கால் கட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே அது போனது. அந்தக் கோழி என்ன தப்பு செய்தது என்று அவள் அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். 

பதினொன்றில் ஒன்றைப் பருந்து தூக்கியது. இடம் கொடுத்த நான்கு வீடுகளில் மூன்றுக்கு ஒவ்வொன்று விட்டாள். சியாங் மதினி, "எனக்கு வேணாம், வெடைக்குச் சொன்ன பங்கும் வேணாம், போ" என்றுவிட்டாள். ஏழு மிஞ்சின.

பத்தாம் மாதம் பனி விழுந்த ஒரு காலையில் மருமகன் முகடு இறங்கி வந்தான். பிள்ளைச் சேதி சொல்ல வருகிறவன் ஆண் என்றால் சேவலோடும் பெண் என்றால் பெட்டையோடும் வருவது வழக்கம். அவன் அக்குளில் இருந்ததைக் கோட்டால் மூடிக்கொண்டு, தலை குனிந்து நின்றான்.

"கோட்டைத் தெற மாப்ள, மூச்சு முட்டப்போகுது. பொண்ணுதானே? ரெண்டு பேரும் சுகமா?"

"சுகந்தான், அத்தை."

காவடித் தண்டின் இரு முனையிலும் கூடை. ஒன்றில் நான்கு கோழி, இன்னொன்றில் மூன்று கோழியும் முட்டைகளும். மாமனார் வாசல் வரை வந்து கூடை மூடிகளை இழுத்துப் பார்த்தார். யாவ்மெய் அன்றே முகடு ஏறினாள்.

சம்பந்தி அம்மாள் கூடைகளைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். "பொட்டப் புள்ளைக்கா ஏழு கோழி?"

"பெத்ததுல பாதி வலியா இருந்துச்சு சம்பந்தி, பாதி கோழி கொண்டாற? பசிக்கு ஆணும் பொண்ணும் தெரியாது. அடுப்பு எங்க இருக்கு?"

முதல் கோழி இஞ்சியோடு வெந்தது. ஜின்யே கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடாமல் குடித்தாள். இன்னொரு கிண்ணம் கேட்டாள். மூன்றாம் நாள் விடியலில் குழந்தை முகத்தைத் திருப்பி, தேடி, கவ்வியது. சிறிது நேரம் வெறும் சப்புதல். அப்புறம் சப்புதலுக்கு நடுவே ஒரு விழுங்கல் கேட்டது. பிறகு அடுத்தடுத்து, நிற்காமல். குழந்தையின் கடைவாயில் வெள்ளையாக ஒரு துளி திரண்டு வழிந்தது.

யாவ்மெய் கட்டிலோரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நாற்பத்தாறு வருஷத்தில் இப்படி ஒரு சத்தத்தை அவள் கேட்டதில்லைபோல இருந்தது.

"அம்மா, கேக்குதா?" என்றாள் ஜின்யே.

"கேக்குது. பேசாம இரு. குடிக்கட்டும்."